கரும்பலகைக்கு முன்னால் இரண்டு பேர்

1

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை என்னுடைய மாணவன் ஒருவன் கரும்பலகைக்கு முன்னால் நின்று பேச்சிழந்தான். பெயர் யாகுபு. நான் படிப்பிக்கும் இறுதி வருட வகுப்பில் கணிதத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை.

நைஜீரியாவின் வடபகுதியில், நாங்கள் இருக்கும் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில், பட்டம் பெற வேண்டிய ஒவ்வொருவரும் உயர்கணிதத்தில் ஒரு தலைப்பை எடுத்து ஒரு கட்டுரை எழுத வேண்டும். பிறகு துறையினர் எல்லாரும் இருக்கும் அறையில் அதைப் பற்றி அரைமணி நேரம் பேசி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் ஆங்கிலத்தில். இதற்கு அவர்களைத் தயார்படுத்துவது என் பொறுப்பு. துறையில் வேறொருவரும் விரும்பி எடுக்காத வேலை. புதிதாக வந்தவள் என்று என்னிடம் தந்தார்கள். ஆறு வருடமாக என்னிடமே இருக்கிறது.

யாகுபு நன்றாகத்தான் தொடங்கினான். தேற்றத்தை எழுதினான், நிறுவலின் முதல் பாதியை எழுதினான். எழுதும்போது அவன் கை ஓரிடத்திலும் தயங்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு விரிவுரையாளர், மிகவும் நல்ல மனிதர், சும்மா உற்சாகப்படுத்துவதற்காக ஒரு கேள்வி கேட்டார்: இந்த உறுப்புக் கூட்டம் எல்லைக்குட்பட்டது என்பதை எந்த இடத்தில் பயன்படுத்தினாய்?

யாகுபு பலகையில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினான். "ஏன்?" என்றார் அவர்.

அவன் வாயைத் திறந்தான். மூடினான். என்னைப் பார்த்தான். பதில் அவனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். பின்வரிசைக் கதிரையில் இருந்த நான் ஒன்றும் செய்ய ஏலாது. பொறுப்பாசிரியர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. சிறிது நேரத்தில் அவன் சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு எல்லாரையும் பார்த்துக் குனிந்து வணங்கி வெளியே போனான்.

இரண்டு கிழமை கழித்து இன்னொரு சந்தர்ப்பம் தருவதாகத் துறைத்தலைவர் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து, சோறு போட மனமில்லாமல், குசினிக்குள் நின்றேன். என் தம்பி அருளைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

2

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு என் வேலை என்னவென்று சரியாக விளங்காது. கணிதத்தில் பேசவும் எழுதவும் என்ன இருக்கிறது, கணக்கைச் செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். என் மாணவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

முதல் கட்டுரைகளைக் கொண்டுவந்து தரும்போது பக்கம் பக்கமாக அடையாளங்கள் மட்டும் இருக்கும். அம்புக்குறி, சமன், அம்புக்குறி. ஒரு சொல்லும் இராது. நான் அவற்றைத் திருப்பிக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்வேன். நாக்கு எங்கே தடக்குகிறதோ அங்கே ஒரு சொல் குறைகிறது. "ஆகவே", "ஏனென்றால்", "இப்படி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்" — இவற்றைப் போட்டு எழுதப் பழக்குவதிலேயே முதல் தவணை போய்விடும். பேசும்போது பலகைக்குக் கதை சொல்லாமல் ஆட்களைப் பார்க்க வேண்டும். நிறுவலைத் தொடங்கும் முன் அது எங்கே போகப்போகிறது என்று சொல்ல வேண்டும். கேட்பவருக்கு எங்கே சந்தேகம் வரும் என்று முன்கூட்டியே நினைக்க வேண்டும். இவ்வளவுதான் என் பாடம்.

எனக்கே இந்த மொழியில் எத்தனை சறுக்கல். முதல் வருடம் ஒரு மாணவி என்னிடம் வந்து, தான் அவ்வளவு மோசமாகவா செய்கிறேன் என்று கண்கலங்கக் கேட்டாள். அவள் ஒவ்வொரு வரியையும் சரியாக எழுத எழுத நான் பழக்கதோஷத்தில் "சரி, சரி" என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அது ஆங்கிலத்தில் "ஸொறி, ஸொறி" என்று, "பாவம், பாவம்" என்பதுபோலக் கேட்டிருக்கிறது. இந்த நாட்டில் ஒருவர் கல்லில் தடக்கினாலும் பக்கத்தில் போகிறவர் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்.

வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போனால் ஒவ்வொரு வருடமும் ஒரு அரைநாள் போகும். இம்முறை அலுவலக எழுதுநர் என் தாய்மொழி என்னவென்று கேட்டார். தமிழ் என்றேன். அப்படியொன்றைக் கேள்விப்படவில்லை என்றும், வேறேதும் சொல்லுமாறும் தயவாகக் கேட்டார். கடைசியில் "ஆங்கிலம்" என்று எழுதி முத்திரை குத்தினார். பக்கத்தில் நின்ற என் மகள் நிர்மலாவுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. அவளுக்கு ஒன்பது வயது. நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பக்கத்து வளவுப் பிள்ளைகளோடு ஹவுசா மொழியில் சண்டை பிடிப்பாள்.

3

திருகோணமலையில் எங்கள் வீடு உட்துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்தது. அப்பா கடற்படைத் தளத்தில் பண்டகசாலை எழுதுநர். வெள்ளைக்காரர் இருந்த காலத்தில் அவர் வீட்டுக்குள்ளேயும் அரைவாசி ஆங்கிலத்தில்தான் கதைப்பார். கப்பல்களின் பெயர்கள், கயிறுகளின் பெயர்கள், அதிகாரிகளின் வசைச்சொற்கள் எல்லாம் எனக்கு எழுத்து வாசிக்க முதலே தெரியும். பிறகு கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம். கணிதம் எனக்கு ஆங்கிலத்தில்தான் வந்தது. அது என் கெட்டித்தனம் இல்லை, பிறந்த வருடம்.

அருள் எனக்குப் பத்து வயது இளையவன். அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிச் சிறிது காலத்தில் வெள்ளைக்காரர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு வேலை போனது. அதன் பிறகு வீட்டில் ஆங்கிலம் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. பள்ளிக்கூடங்களில் சுயமொழிக் கல்வி வந்துவிட்டது. அருள் படித்ததெல்லாம் தமிழில்.

எல்லாரும் அதை வரவேற்றோம். நானும்தான். எந்தப் பிள்ளையும் அந்நியமொழியில் தலையை உடைக்க வேண்டியதில்லை என்று அப்பாவோடு வாதாடியிருக்கிறேன். அருள் கணிதம் சொல்வதைக் கேட்டால் அந்த வாதம் வென்றுவிட்டது என்றே தோன்றும். அப்போதுதான் கலைச்சொற்கள் புதிதாக வந்திருந்தன. உறுப்புகள் சேர்ந்த கூட்டத்துக்குத் "தொடை" என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒன்றுமே இல்லாத தொடை "வெறுந்தொடை" என்று ஆசிரியர் சொன்ன அன்று முழு வகுப்பும் சிரித்துப் பாடம் நின்றுபோனதை அவன் வீட்டில் நடித்துக் காட்டினான். அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

பல்கலைக்கழகத்தில் தமிழில் கணிதம் படித்த முதல் அணிகளில் அவனும் ஒருவன். விரிவுரை தமிழில். புத்தகங்கள் ஆங்கிலத்தில். அவன் அடையாளங்களைப் பார்த்துப் பார்த்தே அந்தப் புத்தகங்களைப் படித்து முடித்தான்; இடையில் உள்ள சொற்களைத் தானே ஊகித்துத் தமிழில் வைத்துக்கொள்வானாம். நல்ல வகுப்பில் சித்தியடைந்தான்.

4

அடுத்த வருடமே ஒரு வளாகத்தில் உதவி விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பித்தான். நேர்முகத்தில் ஒரு தலைப்பைப் பற்றி இருபது நிமிடம் பேசிக் காட்ட வேண்டும். தெரிவுக் குழுவில் சிங்களவர், தமிழர், வெளிநாட்டில் படித்தவர் எல்லாரும் இருப்பார்கள், ஆகவே ஆங்கிலம். நான் அப்போது கொழும்பில் ஒரு கல்லூரியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாடசாலை விடுமுறையோடு ஊருக்குப் போனேன்.

பங்குப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பாதிரியாரிடம் திறப்பு வாங்கி, தினமும் காலையில் ஒரு வகுப்பறையில் நானும் அவனும் பழகினோம். முதல்நாள் தமிழிலேயே சொல்லிக் காட்டு என்றேன். மூடிய, எல்லைக்குட்பட்ட தொடை ஒன்றில் தொடர்ச்சியான சார்பு தன் உச்சப் பெறுமானத்தை அடைந்தே தீரும் என்பது அவன் எடுத்த தேற்றம். மூடியதாக இருப்பது ஏன் தேவை என்று கேட்டேன். அவன் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு யன்னல் பக்கம் கையைக் காட்டினான்.

"கோணேசர் கோயில் மலைக்கு ஏறிறம் எண்டு வையுங்கோ. கடைசி உச்சி ஒண்டை மட்டும் விட்டுட்டு மிச்ச இடமெல்லாம் எங்கட. எங்க நிண்டாலும் அதைவிட உயரமான இடம் ஒண்டு முன்னால இருக்கும். ஏறிக்கொண்டே இருக்கலாம் அக்கா. உச்சி இருக்கு, ஆனா எங்களுக்கு இல்லை. அந்த ஒரு புள்ளியையும் உள்ளுக்கு எடுத்தாத்தான் ஏறின ஆள் எங்கயாவது போய் நிப்பான்."

நான் லண்டனில் இரண்டு வருடம் மேற்படிப்புப் படித்தவள். அங்கே இருந்த ஒருவரும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கேட்டதில்லை. அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் போதும் என்றேன்.

அந்த "அப்படியே" நடக்கவில்லை. மலை ஆங்கிலத்தில் ஏற மறுத்தது. வினைச்சொல்லைத் தேடும்போது அவன் கணிதத்தை விட்டுவிடுவான். கணிதத்தைப் பிடித்தால் வாக்கியம் நடுவில் நின்றுவிடும். இரண்டாவது கிழமை அவனே ஒரு வழி சொன்னான். முழுவதையும் எழுதித் தாருங்கோ, பாடமாக்குகிறேன் என்றான். வேறு வழி எனக்கும் தெரியவில்லை. எழுதிக் கொடுத்தேன். நிலாவெளி பஸ்ஸில் இருந்தபடி, கடற்கரையில் நடந்தபடி, சாப்பிட்டுக்கொண்டு, எந்நேரமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பாவும் தன் பழைய ஆங்கிலத்தைத் தூசு தட்டி எடுத்து அவனுடைய உச்சரிப்பைத் திருத்தினார். விடுமுறை முடியும்போது ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்புவித்தான்.

நேர்முகத்தன்று நானும் கூடப் போனேன். வெளியே விறாந்தையில் ஒரு வாங்கில் இருந்தேன். வெயில் காலம், கதவைத் திறந்துதான் வைத்திருந்தார்கள். அவன் குரல் நன்றாகக் கேட்டது. ஒரு பிசகும் இல்லை. யாரோ ஒருவர் மெச்சியதும் கேட்டது. பிறகு அவர் கேட்டார், நான் முதல்நாள் வகுப்பறையில் கேட்ட அதே கேள்வியை: மூடியதாக ஏன் இருக்க வேண்டும்?

உள்ளே சத்தமில்லை. எழுந்துபோய் வாசலில் நிற்கலாமா என்று யோசித்தேன். போனால் அவனுக்கு இன்னும் கஷ்டம். இருந்தேன். குழுவில் இருந்த தமிழர் ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"தம்பி, தமிழில சொல்லுங்கோ. நான் இவையளுக்குச் சொல்லுறன்."

கருணையான மனிதர். யாரென்று எனக்குத் தெரியாது, இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகும் உள்ளேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கதிரைகள் நகரும் சத்தம், நன்றி சொல்லும் சத்தம்.

திரும்பி வரும் ரயிலில் கந்தளாய் தாண்டியிருந்தோம். நான் அருளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

"அக்கா, அந்த நேரம் தமிழும் வரேல்லை."

அவ்வளவுதான். அதைப் பற்றி நாங்கள் பிறகு கதைத்ததே இல்லை.

5

அருள் இப்போது கிளிவெட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறான். திங்கள் காலையில் லோஞ்சில் குடாவைக் கடந்து மூதூர் போய், அங்கிருந்து பஸ். வெள்ளிக்கிழமை திரும்புவான். பிள்ளைகள் அவனிடம் நன்றாகப் படிக்கிறார்கள் என்று கேள்வி. நான் இங்கே வந்த புதிதில் இந்த நாட்டில் கணிதம் படிப்பிக்க ஆள் தேவை, வா என்று எழுதினேன். "அங்கயும் இங்கிலிஷ்தானே அக்கா" என்று ஒரு வரியில் பதில் வந்தது. நான் அனுப்பிய கணிதப் புத்தகங்களைப் பற்றி அவன் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. மழை, அப்பாவின் மூட்டுவலி, ஊர் நிலைமை, இவைதான் இருக்கும்.

ஆகையால் யாகுபு வணங்கிவிட்டு வெளியே போன அன்று, இம்முறை விடுவதில்லை என்று நினைத்தேன். பாடமாக்க விடுவதில்லை, அதுதான் முதல் முடிவு. சனிக்கிழமை அவனை வீட்டுக்கு வரச் சொன்னேன். ஒரு நண்பனையும் கூட்டிவந்தான். வளவில் மாமரத்தின் கீழே பலகையைச் சாய்த்து வைத்தேன். நண்பனுக்கு விளங்கும்படி உன்னுடைய மொழியிலேயே சொல், நான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன் என்றேன்.

அவன் தயங்கினான். பிறகு தொடங்கினான். எனக்கு ஹவுசாவில் வணக்கம் சொல்லவும் தக்காளி வாங்கவும் தெரியும், வேறொன்றும் தெரியாது. ஆனால் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரியும் வரவேண்டிய இடத்தில் வந்தது. நண்பன் இடைமறித்துக் கேட்டான். யாகுபு அழித்து, படம் வரைந்து, கைகளை விரித்துச் சொன்னான். விறாந்தைப் படியில் கால் ஆட்டிக்கொண்டிருந்த நிர்மலா திடீரென்று சிரித்தாள். நண்பனும் சிரித்தான்.

என்னவென்று மகளிடம் கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்: ஒரு வளவுக்குள் முடிவே இல்லாமல் ஆடுகளை அடைத்துக்கொண்டு போனால் எங்கேயோ ஒரு மூலையில் அவை ஒன்றையொன்று நெருக்கித்தானே ஆக வேண்டும், அந்த மூலையில்தான் யாகுபுவின் மாமா பாய் விரித்துப் படுத்திருக்கிறாராம்.

எல்லைக்குட்பட்ட முடிவிலாத் தொடை ஒன்றின் உறுப்புகள் ஏதோ ஒரு புள்ளியைச் சூழ்ந்து நெருங்கியே தீரும் என்பதுதான் அவனுடைய தேற்றம். நான்கு வருடமாக என் மாணவன். அவன் பகிடி விடுகிற ஆள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். என் ஒன்பது வயது மகளுக்கு விளங்கியது, கணிதம் படித்த எனக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை துறைத்தலைவரிடம் போனேன். அவர் தெற்கே பிறந்தவர், யொரூபா மொழிக்காரர். யாகுபு கேள்விகளுக்கு ஹவுசாவில் பதில் சொல்லட்டும், ஹவுசா தெரிந்த இளம் விரிவுரையாளர் ஒருவர் மொழிபெயர்க்கட்டும், கட்டுரை எப்படியும் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று கேட்டேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தம்பியைப் பற்றிக் கேட்டார். எப்போதோ ஒருமுறை சொல்லியிருந்தேன். முழுக்கதையையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்கள் நாட்டில் ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியைக் கொடுத்தீர்கள். உங்கள் தம்பி அந்த மொழிக்குள்ளேயே நின்றுவிட்டார் என்று நீங்களே சொல்கிறீர்கள். இங்கே யாகுபுவுக்கு ஹவுசா கொடுத்தால் நாளைக்கு ஒருவன் இக்போ கேட்பான், நான் யொரூபா கேட்பேன். ஒருவருக்கும் சொந்தமில்லாத மொழி இந்த ஒன்றுதான். அதனால்தான் அது எல்லாருக்கும் கஷ்டமாக இருக்கிறது. நான் பிழையா சொல்கிறேன்?"

அவர் பிழை சொல்லவில்லை. நான் அப்பாவோடு வாதாடியபோது சொன்னதும் பிழையில்லை. ஒரு நாட்டில் அதைச் செய்து ஒரு பிள்ளை நின்றுபோனான், இன்னொரு நாட்டில் இதைச் செய்து ஒரு பிள்ளை நின்றுபோகிறான். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மிச்சமிருந்த நாட்களில் எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தேன். சின்னச் சின்ன வாக்கியங்கள். கேள்வி வந்தால் உடனே பதில் சொல்லாமல் கேள்வியைத் திரும்பச் சொல்லி நேரம் எடுப்பது. ஆடுகளை ஆங்கிலத்தில் கொண்டுவரவும் பார்த்தோம். மாமா வரவில்லை. மாமா வராவிட்டால் அதில் சிரிப்பும் வராது.

6

இரண்டாம் முறை அவன் நடுவில் நின்றுவிடவில்லை. அதைச் சொல்ல வேண்டும். மெல்லிய குரலில், தாளைப் பார்த்து, கடைசிவரை சொல்லி முடித்தான். கேள்விகள் வந்தன. முதலாவதற்கு ஒரு வரியில் பதில் சொன்னான். இரண்டாவதற்குக் கேள்வியைத் திரும்பச் சொன்னான், சொல்லிவிட்டு நின்றான். பிறகு, "எனக்குத் தெரியும், ஐயா" என்றான். கேட்டவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். "எனக்குத் தெரியும்" என்று இன்னொருமுறை சொன்னான், யாரையும் பார்க்காமல்.

சித்தியடைய மட்டும் போதுமான புள்ளி கிடைத்தது. மற்றப் பாடங்களில் அவன் எடுத்ததையெல்லாம் இந்தப் புள்ளி கீழே இழுத்தது. மேற்படிப்புக்கு எடுக்கும் உயர்வகுப்புப் பட்டம் அவனுக்குக் கிடைக்கவில்லை. நான் துறைக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். எல்லாரும் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள். விதி விதிதான் என்றார்கள். அடுத்த வருடத்துக்கும் இந்தப் பாடத்தை நானே எடுக்க வேண்டும் என்று அதே கூட்டத்தில் தீர்மானித்தார்கள்.

நேற்று யாகுபு விடைபெற வந்தான். தோய்த்து வெளுத்த நீண்ட அங்கி போட்டிருந்தான். என் வகுப்பில் அவனை எப்போதும் களிசான் சேட்டோடுதான் பார்த்திருக்கிறேன். வளவில் நிர்மலாவோடு ஏதோ கதைத்தான், அவள் மறுபடியும் சிரித்தாள். சொந்த ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் படிப்பிக்க வேலை கிடைத்திருக்கிறது என்றான். ஹவுசாவிலா படிப்பிப்பாய் என்று கேட்டேன். இல்லை, ஆங்கிலத்தில் மட்டும்தான் அனுமதி என்றான்.

தேநீர் குடித்தோம். அவன் கேட்டான்:

"மேடம், உங்கள் நாட்டில் கணிதத்தை உங்கள் மொழியிலேயே படிப்பிக்கிறார்களாம் என்று துறைத்தலைவர் சொன்னார். உண்மையா?"

உண்மைதான், என்றேன். நான் அப்படிப் படிக்கவில்லை, என் தம்பி படித்தான்.

"முழுவதுமா? பல்கலைக்கழகத்திலும்?"

பல்கலைக்கழகத்திலும்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். அந்த முகத்தில் இருந்ததைப் பொறாமை என்று சொல்ல மாட்டேன். தூரத்தில் யாருக்கோ நல்லது நடந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட சந்தோஷம்.

"அப்படியென்றால் அவர் இப்போது பெரிய பேராசிரியராக இருப்பார்" என்றான்.

"ஓம்" என்றேன்.

ஆமாம் என்பதைத் தமிழில் சொன்னேன் என்று சொல்லிய பிறகுதான் தெரிந்தது. ஆனால் அவனுக்கு விளங்கிவிட்டது. மனம் நிறைந்து தலையை ஆட்டினான். நான் திருத்தவில்லை. அவனுக்கு லொறி நிலையத்துக்குப் போக நேரமாகிவிட்டது. படலைவரை போய் வழியனுப்பினேன்.